அரச பொறியியலாளர் சங்கமும் எனது 17 ஆண்டுச் சந்தாவும்

எனது சம்பளத் தாளில் கழிவுகள் என்ற பகுதியில், ஓய்வூதியக் கழிவுக்கும் இடர்கடன் தவணைக்கும் கீழே, ஒரு சிறிய தொகை 2008ஆம் ஆண்டு முதல் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அரச பொறியியலாளர்களுக்கான தொழிற்சங்கம் ஒன்றின் அங்கத்துவச் சந்தா அது. இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குப் புதிதாக நியமனம் பெற்று வரும் இளம் பொறியியலாளர்கள், குறிப்பாக ஒலுவிலிலும் கிளிநொச்சியிலும் உள்ள பொறியியல் பீடங்களில் படித்துவிட்டு வருபவர்கள், "இந்தச் சந்தாவுக்கு நமக்கு என்ன கிடைக்கும், மிஸ்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். காசு கொடுத்துப் பெறும் சேவை எதுவானாலும் அதன் தரத்தை அறிந்துகொள்ளக் கேட்பவருக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு வாய்வார்த்தையாகச் சொன்னவற்றை இம்முறை எழுதி வைக்கிறேன். சங்கத்தின் குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கு வேலை செய்பவர்களுக்கு அது தடையாக இராது.

நான் அதில் சேர்ந்தது எளிதாக நடந்த காரியமல்ல. என் தாய்மாமன் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1980 ஜூலையில் 300 ரூபாச் சம்பள உயர்வு கேட்டு நடந்த பொது வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு, வேலையை இழந்த ஏறத்தாழ 40,000 பேரில் அவரும் ஒருவரானார். அதன்பின் அவர் வீட்டு முன்விறாந்தையில் கடை போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினார். நியமனக் கடிதம் என் கைக்கு வந்த அன்று அம்மா சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: "சங்கம் என்று கையெழுத்துக் கேட்டு வந்தால் வைக்காதே மகள்." மூன்று மாதம் நான் வைக்கவில்லை. பிறகு, என்னைவிடப் பத்து ஆண்டு மூத்த அக்கா ஒருவர், வேலைநிறுத்தம் என்பது சங்கத்தின் வேலையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்றும், மிகுதி முழுவதும் கடிதம் எழுதுவதும் திகதி பார்ப்பதும்தான் என்றும் விளக்கிய பிறகே படிவத்தை நிரப்பினேன். அவர் சொன்னது சரி என்பதை அடுத்த சில ஆண்டுகளில் நானே கண்டேன்.

அது ஏன் அப்படி என்பதைச் சட்டத்தில் இருந்து தொடங்கினால்தான் விளங்கும். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்யலாம் என்கிறது 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச்சட்டம். சங்கம் அமைக்கும் சுதந்திரத்தையும் அதில் சேரும் சுதந்திரத்தையும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உறுதிசெய்கிறது. இவ்வளவும் இருந்தும், தனியார் நிறுவனத் தொழிலாளி ஒருவருக்குத் திறந்திருக்கும் முக்கியமான கதவொன்று நமக்கு அடைபட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டம், தொழில்தருநர் என்ற நிலையில் உள்ள அரசாங்கத்துக்குப் பொருந்தாது. ஆகவே அரச பொறியியலாளர் ஒருவர் தொழில் நியாய சபைக்குப் போக முடியாது. அவருக்கு இருப்பவை அரச ஊழியரின் பணி விதிகளைச் சொல்லும் தாபன விதிக்கோவையும், பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கான மேன்முறையீடும், அதற்கு மேல் 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபையும், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுமே. இந்த மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். மற்ற வழிகளுக்கும் தத்தம் காலக்கெடு உண்டு. அணைக்கட்டில் நின்று இரவு பகல் பாராது வேலை செய்கிற ஒருவருக்கு இந்தக் காலக்கெடுக்களை யார் நினைவூட்டுவது? என் அனுபவத்தில் சங்கத்தின் முதற் பெரும் பயன் அதுதான்.

2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துக் குளம் ஒன்றின் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. குளத்தின் பெயர் இங்கு தேவையில்லை. மழை விடாத ஓர் இரவில், நீர்மட்டம் ஏறிய வேகத்தைப் பார்த்து வான்கதவுகளை முழுவதுமாகத் திறக்கச் சொன்னேன். கீழே வயல்கள் மூழ்கின, ஒரு கிராமத்து வீதி அறுந்தது. வெள்ளம் வடிந்து மூன்றாம் வாரம், உரிய முன்னறிவித்தல் இன்றிக் கதவுகளைத் திறந்தமைக்கு 14 நாட்களுக்குள் விளக்கம் தருமாறு எனக்குக் கடிதம் வந்தது. சேவையில் நிரந்தரமாக்கப்படாத நேரம் அது. அந்தக் கடிதத்தைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

ஆறு பக்கத்தில் ஒரு பதில் எழுதினேன். யார் யார் அன்றிரவு தொலைபேசியை எடுக்கவில்லை, யார் அடுத்த நாள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்கள், நான் எத்தனை மணிநேரம் நனைந்தபடி நின்றேன் என்பதெல்லாம் அதில் இருந்தன. கிளைச் செயலாளரிடம் அதைக் காட்டியபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரின் வீட்டுக்கு என்னை அனுப்பினார். இத்தகைய பதில்களைச் சரிபார்த்துக் கொடுப்பதைச் சங்கம் அவரிடம் ஒப்படைத்திருந்தது. அவர் அதற்குப் பணம் வாங்குவதில்லை. என் ஆறு பக்கத்தையும் முழுமையாகப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "பிள்ளை, கோபத்தை எழுதாதீங்க. நீர்மட்டத்தை எழுதுங்க" என்றார்.

நீர்மட்டப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மழையில் ஊறிக் காய்ந்த அந்தப் புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓர் அடிமட்டத்தை இடையில் நுழைத்து ஒவ்வொரு தாளாக அவர் பிரித்தார். நேரம், நீர்மட்டம் அடியிலும் அங்குலத்திலும், கதவின் திறப்பு, மழை அளவு, காவலாளியின் கையெழுத்து என்று ஐந்து நிரல்கள். இரவு 11 மணிக்கும் அதிகாலை 2 மணிக்கும் இடையில் நீர் 14 அங்குலம் ஏறியிருந்தது. அவர் ஒரு வரைபுத் தாளை எடுத்து நேரத்தைக் கிடையாகவும் நீர்மட்டத்தை நிலைக்குத்தாகவும் குறித்து, பென்சிலால் புள்ளிகளை இணைத்தார். அணைக்கட்டின் உச்சி மட்டத்தைச் சிவப்புக் கோடாக மேலே வரைந்தார். கதவுகள் மூடியே இருந்திருந்தால் பென்சில் கோடு எத்தனை மணிக்குச் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கும் என்பதை அடிமட்டத்தை வைத்து நீட்டிக் காட்டினார். விடியுமுன்னே தொட்டிருக்கும். மண் அணையின் மேலால் நீர் பாய்ந்தால் அணை நிற்காது என்பதைப் பொறியியலாளருக்குச் சொல்லத் தேவையில்லை; ஆனால் கடிதத்தைப் படிக்கப்போகிறவர் நிர்வாக அதிகாரி, அவருக்கு அந்த ஒரு தாள் ஆறு பக்கத்தைவிட அதிகம் சொல்லும் என்றார்.

அதன்பின் அவர் கேட்டது எனக்குக் கடினமாக இருந்தது. வயல்களுக்குப் பொறுப்பான வட்டைவிதானைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் நான் கதவு திறக்குமுன் தொலைபேசியில் சொன்னது உண்மை. ஆனால் அதைப் பதிவேட்டில் எழுதியது மறுநாள் காலையில்தான். அந்தக் குறிப்பின் மையின் நிறமே வேறாக இருந்தது. அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாமா என்று கேட்டேன். விடக்கூடாது என்றார். இரவில் சொன்னேன், காலையில் எழுதினேன், அது என் தவறு என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னார். சங்கம் அங்கத்தவரைக் காப்பாற்றும் என்றால் அவருடைய பிழையை மறைக்கும் என்று பொருள் கொண்டிருந்த எனக்கு, அன்று அந்த வீட்டு விறாந்தையில் சங்கத்தைப் பற்றிய எண்ணமே மாறியது.

பதில் இரண்டரைப் பக்கத்திலும் ஏழு இணைப்புகளிலும் முடிந்தது. அதைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, என் பிரதியில் திகதி முத்திரை வாங்கும்படி செயலாளர் சொன்னார், அப்படியே செய்தேன். நாலு மாதம் கழித்து, விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக ஒரு வரியில் கடிதம் வந்தது. குற்றப்பத்திரம் வரவில்லை. இதற்குப் பக்கத்தில் சங்கம் இன்னொரு காரியமும் செய்தது. குளப் பொறுப்பிலுள்ள பொறியியலாளர் எந்த நீர்மட்டத்தில் யாரிடம் கேட்காமலே கதவைத் திறக்கலாம், யார் யாருக்கு எந்த வரிசையில் அறிவிக்கவேண்டும் என்பதை எழுத்தில் தரவேண்டும் என்று தன் பெயரில் மேலிடத்துக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாரிக்கு முன் அந்த அறிவுறுத்தல் எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. நான் தனியாளாக அதைக் கேட்டிருந்தால், தப்பித்துக்கொள்ள வழி தேடுகிறாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கேட்டது சங்கம் என்பதால் அது எல்லாக் குளங்களுக்கும் பொதுவான கோரிக்கையாயிற்று.

இரண்டாவதாக இடமாற்றம். 2009 பெப்ரவரி 20 அன்று வர்த்தமானியில் வெளியான பொதுச் சேவை ஆணைக்குழுவின் நடைமுறை விதிகள், வருடாந்த இடமாற்றங்களுக்கு ஒரு முறையை வகுத்தன. இடமாற்றச் சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதியும் அமர்கிறார். அந்த நாற்காலி நமக்கு இருப்பது பெரிய விடயம். ஆனால் அதில் இருப்பவர் நம் ஊரை அறிந்தவரா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. கல்முனையில் கைக்குழந்தையோடு இருந்த தோழி ஒருவரை ஓராண்டு தெஹியத்தகண்டியவுக்கு மாற்றினார்கள். தாளில் பார்த்தால் அது அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே நடக்கும் இடமாற்றம்; ஆகவே கஷ்டம் எதுவும் இல்லை என்று சபையில் எழுதப்பட்டது, நமது பிரதிநிதியும் ஒப்புக்கொண்டார். கல்முனையில் இருந்து அங்கு பேருந்தில் போகிறவர் வழக்கமாக அம்பாறை, உகணை, மகா ஓயா, பதியத்தலாவை என்று மேற்கே ஏறி, பதுளை மாவட்டத்து மகியங்கனையைத் தொட்டு, மீண்டும் அம்பாறை மாவட்டத்துக்குள் இறங்கவேண்டும் என்பது கொழும்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் கிளை உறுப்பினர் ஒருவர் பேருந்து நேரங்களை வரிசையாக எழுதி, காலை ஐந்தரைக்குப் புறப்பட்டாலும் அலுவலக நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது என்பதை மேன்முறையீட்டோடு இணைத்தார். அதன் பிறகு இடமாற்றம் திருத்தப்பட்டது. சேவை கிடைத்தது என்பது உண்மை. ஆனால் முதற் தடவையே கிடைத்திருக்கவேண்டியது இரண்டாம் தடவையில், நாலு மாத அலைச்சலுக்குப் பின் கிடைத்தது என்பதும் உண்மை.

சங்கத்தின் சேவை மிகவும் தளர்ந்திருக்கும் இடம் மாகாணத் திணைக்களங்களில் பணிபுரிகிறவர்களின் விடயமாகும். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் தமது சேவை ஆவணங்கள் அடங்கிய கோவை எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் வேலை செய்கிறார்கள். ஒரே வாவிக் கரையில் உள்ள குளங்களைப் பாருங்கள். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற பெரிய குளங்கள் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. நடுத்தரமானவற்றில் சில மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. வீதியிலும் இதே கதைதான்: ஒரு பொறியியலாளர் பிரதான வீதியில் மத்திய அதிகார சபைக்காகவும், அடுத்த சந்தியில் திரும்பினால் இன்னொருவர் மாகாணத் திணைக்களத்துக்காகவும், ஒழுங்கைக்குள் இறங்கினால் வேறொருவர் பிரதேச சபைக்காகவும் நிற்கிறார். ஒரே பட்டம், ஒரே வெயில். கோவை மட்டும் வெவ்வேறு ஊரில் இருக்கிறது.

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமும் அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும், மாகாண பொதுச் சேவை உத்தியோகத்தர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று அதிகாரங்களை ஆளுநரிடம் வைத்தன; அவர் அவற்றை மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். நாடளாவிய பொறியியல் சேவையைச் சேர்ந்து மாகாணத்துக்கு விடுவிக்கப்பட்டவர் ஒருவரின் நாளாந்த நிர்வாகம் மாகாணத் தலைமை அலுவலகங்கள் உள்ள திருகோணமலையிலும், தர உயர்வு கொழும்பிலும் நடக்கிறது. தர உயர்வுக்குத் தேவையான வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையை உரிய காலத்தில் சித்தியடைந்த என் சகபாடி ஒருவர், மூன்றாம் தரத்தில் இருந்து இரண்டாம் தரத்துக்கான உயர்வுக்காகக் காத்திருந்தார். அவருடைய சம்பள ஏற்றச் சான்றிதழ்களில் ஒன்று திருகோணமலையில் இருந்து கொழும்புக்குப் போகவே இல்லை என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே தேடிக் கண்டுபிடித்தார். அந்த இரண்டு ஆண்டும் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதங்களுக்கு, விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்ற ஒரே பதிலே வந்தது. திருகோணமலையில் ஒருவரை அனுப்பிக் கோவையைப் பார்க்கச் சொல்லியிருந்தால் ஒரு பகலில் முடிந்திருக்கும். தலைமையகத்துக்கு நேர்முகமாகத் தெரிந்த அலுவலகங்களில் சங்கம் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு அப்பால் அதன் கை நீளவில்லை. மாகாணத்தில் இருந்தும் அதே சந்தாதான் கழிகிறது என்பதை நான் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

மொழியைப் பற்றிய என் மனத்தாங்கலையும் மறைக்க விரும்பவில்லை. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்துக்குப் பின், வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. அரசாங்கத்திடம் அந்த உரிமையைக் கேட்கும் ஒரு சங்கம், தன் அங்கத்தவருக்குத் தமிழில் ஒரு சுற்றறிக்கை அனுப்பாமல் இருக்கலாமா? எனக்கு வரும் அறிவித்தல்கள் பெரும்பாலும் சிங்களத்திலும் சில ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பேராதனையில் படித்த காலத்தில் சிங்களம் பேசப் பழகியதால் எனக்கு ஓரளவு விளங்கும். ஒலுவிலில் இருந்து நேரே வருகிற பிள்ளைக்கு வேலைநிறுத்தம் எந்த நாளில், எந்த விடுமுறைப் படிவத்தில் என்பதைக்கூட யாராவது வாசித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. கூட்டங்களில் சிங்கள நண்பர்கள் எங்களைப் பேசவிடாமல் தடுத்ததில்லை. நான் தமிழில் பேசியபோது பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்து உதவியதும் உண்டு. நல்ல மனம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு ஒதுக்கும் நிதி இல்லை. இது தீர்க்க முடியாத சிக்கலல்ல.

வேலைநிறுத்தங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜனவரி 1 முதல், மாதம் 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 6 வீதம் தொடங்கி 36 வீதம் வரை வரி அறவிடப்பட்டபோது, அந்த மார்ச் மாதத்தில் மருத்துவர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், பொறியியலாளர்கள் எனப் பல துறைச் சங்கங்கள் பணியில் இருந்து விலகி நின்றன. நானும் நின்றேன். அம்மாவிடம் சொல்லிவிட்டே நின்றேன். மாமா அப்போது உயிரோடு இல்லை. 2025 ஏப்ரலில் வரி தொடங்கும் எல்லை மாதம் 150,000 ரூபாவாக உயர்ந்தது. அதை ஒரு சங்கத்தின் வெற்றி என்று எழுத எனக்கு மனம் வராது. பல காரணங்கள் சேர்ந்து அது நடந்தது. எங்கள் கிளை அன்று எடுத்த ஒரு முடிவையே நான் பெருமையாக நினைக்கிறேன்: பணியில் இருந்து விலகினாலும், வயலுக்குக் கடைசித் தண்ணீர் விடவேண்டிய வாய்க்கால்களின் கதவுப் பொறுப்பாளர்களுக்கு எந்தத் தடையும் ஏற்படக்கூடாது என்று முதல் நாளே கமக்காரர் அமைப்புகளுக்கு அறிவித்தோம். அதனால் ஒரு வயலும் காயவில்லை.

இதோடு தொடர்புடைய ஒரு குறை உண்டு. மக்களுக்கு முன் வந்து பேசவேண்டிய நேரத்தில் நமது சங்கம் பேசுவதில்லை. மாரி தொடங்கினால் மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மூடியிருக்கும் மணலை வெட்டுவதா, பொறுப்பதா என்ற வாதம் ஆண்டுதோறும் எழும். வயலில் நீர் நிற்கும் கமக்காரர் இன்றே வெட்டச் சொல்வார். இறால் குஞ்சும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று மீனவர் பொறுக்கச் சொல்வார். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நடுவில் நின்று நீர்மட்டத்தைச் சொல்லுகிற பொறியியலாளர்மீது இரு தரப்பின் கோபமும், அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்பும் சேர்ந்து விழும். எந்த மட்டத்தில் வெட்டுவது ஏன் என்பதை ஒரு சங்கமாகத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களிலும் ஒட்டினால், அந்தத் தனி மனிதரின் தோளில் உள்ள பாரம் பாதி குறையும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்று மதரசாப் பிள்ளைகள் உயிரிழந்தபோது, நாடே அழுதது. வெள்ளம் மேவிப் பாயும் வீதிகளில் எந்த ஆழத்தில் போக்குவரத்தை நிறுத்தவேண்டும், மதகுகள் எங்கே போதாமல் இருக்கின்றன என்பவற்றைச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் நாங்கள். சம்பளத்துக்குக் கடிதம் எழுதத் தெரிந்த சங்கத்துக்கு, அதற்கும் எழுதத் தெரிந்திருக்கவேண்டும் என்று அந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிநுட்ப உத்தியோகத்தர்களுக்கும் வேலைத்தள மேற்பார்வையாளர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. அவற்றோடு நமது சங்கம் கலந்து பேசுவது அரிது. நீர்மட்டப் பதிவேட்டில் கையெழுத்திட்ட காவலாளி ஒருவர் இல்லாவிட்டால் 2011இல் என் பதிலுக்கு ஆதாரமே இருந்திருக்காது என்பதை வைத்து, இந்த இடைவெளி எனக்கு உறுத்துகிறது.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சேருங்கள். ஒழுக்காற்று விடயத்துக்கு இந்தச் சங்கத்தைப் போல் துணை வேறில்லை. இடமாற்றத்துக்குப் பரவாயில்லை, ஆனால் தரவுகளை நீங்களே திரட்டிக் கொடுக்கவேண்டும். மாகாணத்தில் இருப்பவரின் தர உயர்வுக்கு இப்போதைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே திருகோணமலைக்குப் போய்க் கோவையைப் பாருங்கள். கடிதம் கிடைத்த அன்றே கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள், பத்தாம் நாள் அல்ல. உறையைக் கிழித்து எறியாதீர்கள். தபால் முத்திரையின் திகதி தேவைப்படும். அடிப்படை உரிமை சம்பந்தப்பட்ட விடயமானால், ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதத்தில் கணக்கெடுக்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. இதை எனக்குச் சொன்னதும் சங்கம்தான், ஒரு கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, இன்னொருவருடைய விடயத்தைப் பேசுகையில்.

அங்கத்துவப் படிவம் கிளைச் செயலாளரிடம் கிடைக்கும். இரண்டு பக்கம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். போன மாதம் புதிதாக வந்த பிள்ளை ஒருவர் அதை என் மேசையில் வைத்து நிரப்பினார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே தமிழில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அவர் நிரப்பி முடிந்ததும் அதை அழிக்காமல் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கிளைக் கூட்டத்தில் அதைச் செயலாளரின் கையில் கொடுத்து, இப்படியே அச்சடித்துத் தாருங்கள் என்று கேட்கப் போகிறேன்.